கிளைடின் பெட்டி

பொறாமைக்கு ஆள் காட்டச் சொன்னால் என் தம்பி லெராயைத்தான் காட்டுவேன். மொன்டானாவில் மர லாரி ஓட்டுகிறவன், யாரிடமும் கெட்ட பேர் வாங்காதவன். அவன் மனைவி ஆர்லிஸ் பக்கத்து வீட்டுக் கிளைடுக்கும் தோட்டாக் கூடு தயார் செய்துகொடுக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மனுஷனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சமையலறை மேஜையில் பரப்பிக்கொள்வாள் ஆர்லிஸ். நீளம் பார்த்துச் சீவுவாள். குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்புவாள். அவள் கை பட்ட தோட்டா குறி தப்பாது என்று ஊரே சொல்லும்.

வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள் ஆர்லிஸ் இருவருக்கும் தயாராக வைத்திருந்த இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் லெராய் திறந்தான். கிளைடின் கூடுகள் பளபளவென்று மின்னின. இவனுடையதில் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாகக் கறை.

“பாத்தியாண்ணா? அவனுக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சிருக்கா. கட்டினவனுக்கு இந்த லட்சணம்.”

“அவகிட்டயே கேளேன்டா.”

“கேட்டா மட்டும் உண்மையச் சொல்லிடுவாளாக்கும்.”

இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே ரகத் தோட்டாதானே என்று பெட்டிக்குள் இருந்ததை மாற்றிவைத்தான் அந்தப் புத்திசாலி.

மறுநாள் மலைச்சரிவில் பெரிய எல்க் மான் கடா ஒன்று எங்களுக்குப் பக்கவாட்டாக நின்றது. அந்த வருஷம் அவனுக்கு அனுமதி ஒரே ஒரு கடாவுக்குத்தான். தோட்டாவைத் தள்ளினான். அதை உள்ளே அடைக்கிற போல்ட் பாதியில் நின்றுவிட்டது. ஒருமுறை சுட்ட கூடு, சுட்ட துப்பாக்கியின் உள்ளளவுக்கு உப்பிவிடும். கிளைடின் துப்பாக்கி இவனுடையதைவிட ஒரு மயிரிழை அகலம். லெராய் போல்டை அடித்து அடித்துப் பார்த்தான். சத்தம் கேட்டுக் கடா மரங்களுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே ஒரு வெடிச் சத்தம்.

சாயங்காலம் கிளைடு எல்க் ஈரலோடு வந்தான். ஆர்லிஸ் அதை வெங்காயத்தோடு வதக்கிப் பரிமாறினாள்.

“இந்தத் தடவை என்ன பண்ணித் தொலைச்சே ஆர்லிஸ்? அவ்வளவு தூரத்துல ஒரே குண்டு, நெஞ்சுலயே விழுந்துச்சு” என்று காலிக் கூட்டை நீட்டினான் கிளைடு.

அவள் அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். பிறகு லெராயைப் பார்த்தாள்.

“இது உன்னோடது இல்ல கிளைடு. உன்னோடதை மெஷின்ல போட்டு உருட்டிப் பளபளன்னு எடுத்தேன், அவ்வளவுதான். இதை ஒவ்வொண்ணா எடை பாத்துப் பொறுக்கி, கழுத்துல தீ காட்டிப் பதமாக்கினேன், இந்தக் கறை அதுதான். ஒரு வாரம் உக்காந்தேன், இவனுக்காக.”

லெராய் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“அடுத்த வருஷம் இவனோடதை மெஷின்ல போட்டுக்கறேன்” என்றாள் ஆர்லிஸ். “உன்னோடதுக்குத் தீ காட்டறேன் கிளைடு. இன்னும் கொஞ்சம் ஈரல் வெச்சுக்கோ.”