வெல்டரும் இரண்டடுக்குக் கூண்டும்

“நான் வச்ச ஒட்டு நூறு வருஷம் பேசும். யானை கட்டி இழுத்தாலும் அசையாது!” என்று நம் வெல்டர் டீக்கடையில் அறிவித்தபோது, மறுத்துப் பேச அங்கே யானை எதுவும் இல்லை.

அவருடைய மகத்தான படைப்பு ஊருக்கு வெளியே நாய்ப் பண்ணையில் இருந்தது. தகரக் கொட்டகைக்குள் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும், ஈன்றுகொண்டே இருப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லாத ஒரு தாய் நாய். தரையும் கம்பிவலைதான். கழுவச் சுலபம் என்பது பண்ணைக்காரரின் விஞ்ஞானம். பாதம் வெடித்துப் புண்ணானது நாய்களின் சொந்த விவகாரம்.

வியாபாரம் பெருகவே பண்ணைக்காரர் இன்னொரு அடுக்கு கேட்டார். மேலே குடியேற அடுத்த வாரமே புது நாய்கள் வருவதாக ஏற்பாடு. வெல்டர் காலிக் கூண்டுவரிசையைப் பழையவற்றின் தலைமேல் ஏற்றி, மூலைக்கு மூலை ஒட்டி, நாலடி பின்வாங்கி நின்று ரசித்தார். கீழ்க்கூண்டுகளின் கதவு மேல்பக்கம் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. முன்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தீனி உள்ளே போகும், குட்டி வெளியே வரும். தாய் எதற்கு வெளியே வர வேண்டும்?

இரண்டே நாளில் வரவேண்டியதாயிற்று. பழுப்பு நாய் ஒன்றுக்குக் குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டது. கால்நடை டாக்டரம்மா ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். “உடனே ஆபரேஷன் பண்ணணும். வெளிய எடுங்க, இல்லன்னா தாயும் செத்துடும்.”

வெல்டரை வரவழைத்தார்கள். கூடவே வந்த அவர் மனைவி கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். “நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் மாசக்கணக்கா ஆடுது. இதுக்கு மட்டும் கோட்டை கட்டினீங்களாக்கும்?”

அவர் கட்டிங் மெஷினை எடுத்தார். “பொறி நாய் மேல விழும், வேண்டாங்க,” என்றார் டாக்டரம்மா. ஆக, கைரம்பம். அவருடைய ஒட்டு அவரையே பழிவாங்கியது, சட்டை நனைந்தது.

“பார்த்துப்பா, மேலடுக்கு வீணாயிடும்!” என்று பண்ணைக்காரர் பதறினார்.

“அண்ணே, தள்ளி நில்லுங்க. இல்லன்னா உங்களையும் உள்ள வச்சு ஒட்டிடுவேன்.”

கடைசி மூலை விட்டது. நாய் வெளியே வந்தது, பிழைத்தது, குட்டிகளோடு.

டாக்டரம்மா அத்தோடு விடவில்லை, அதிகாரிகளோடு திரும்பி வந்தார். பண்ணைக்குப் பூட்டு விழுந்தது. மண்ணில் கால்வைக்கவே மிரண்ட தாய்களெல்லாம், கொஞ்சிக் கூப்பிட்டவர்களின் வீடுகளுக்குத் தத்தித் தத்திப் போயின.

கூண்டுகளைப் பிரிக்க ஆள் தேடுவதற்குள் வெல்டர் தாமாகவே மெஷினோடு வந்து நின்றார். தாம் வைத்த ஒட்டுகளைத் தாமே ஒவ்வொன்றாக வெட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் பழைய இரும்பு வண்டியில் ஏறிவிட்டன.