பில்லில் வராத ஏழு சாமான்கள்

என் அக்கா பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையில் கடைசிச் செக்கர். சூளையிலிருந்து வெளியே வந்து ஆறிய கோப்பைகள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். விளிம்பு உடைந்தது, காது கோணியது, வயிற்றில் புள்ளி விழுந்தது எதுவானாலும் அக்காவின் இடது கை அதை எடுத்து, இடுப்போரம் தொங்கும் கூடையில் போட்டுவிடும். சந்தேகம் வந்தால் நகத்தால் ஒரு சுண்டு. 'டிங்' என்றால் பிழைத்தது. 'டொக்' என்றால் கூடை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. அங்கே எல்லோரும் அவளை 'ரிஜெக்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

கூடப் பிறந்தவன் என்பதற்காக நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. என் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே இரண்டு தம்ளர் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். கேட்டால், "அடி நெளிஞ்சிருக்குடா, நீ பாக்கறதே இல்லையா?" என்பாள். என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான். ஆனால் வாயைத் திறந்தால் என்னையும் சுண்டிப் பார்த்துவிடுவாளோ என்று சும்மா இருந்துவிடுவேன்.

இத்தனை நாளும் எங்கள் தெருமுனைக் கடையில் கேட்டதைக் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். அதனால் அக்காவால் ஊருக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. அந்தக் கடையை மூடிவிட்டுப் பெரிய கடை ஒன்று திறந்தார்கள். நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். வரிசை வரிசையாகச் சாமான், மேலே வெள்ளை வெளிச்சம். வேலை முடிந்து நேராக உள்ளே போன அக்காவின் கைக்கு அது பெல்ட்டாகவே தெரிந்திருக்கிறது. இடது தோளில் துணிப்பை வேறு தொங்கியது.

சோப்புக்கும் மாவுக்கும் ஒழுங்காகப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தவளை வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். பையைத் திறந்தால் ஏழு சாமான்கள். ஒரு கிண்ணம், ஒரு சீப்பு, ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு டப்பா, ஒரு பல்பு, ஒரு கரண்டி, ஒரு கைக்கண்ணாடி.

"இதெல்லாம் பில்லுல இல்லையேம்மா" என்றார் அவர்.

"எப்படிப்பா பில்லுல வரும்? எல்லாம் ரிஜெக்ட் ஆச்சே" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் வந்தார், போலீஸ் வந்தது, திருட்டு வழக்கும் வந்தது. தகவல் கேட்டு நான் ஓடியபோது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்த தண்ணீர் ஜாடியைச் சுண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

தொழிற்சாலை விதி ஒன்று உண்டு. திருட்டு வழக்கில் தண்டனை வந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அக்காவுக்கு அந்த பெல்ட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் நிலத் தகராறு பார்க்கிறவர். வேலி, வரப்பு இல்லாத வழக்கு என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"இதப் பாருங்கம்மா, காசு கொடுக்காம எடுத்துட்டு வந்தா மட்டும் திருட்டு ஆகாது. அடுத்தவங்க பொருளை அமுக்கிக்கணும்னு எண்ணம் இருந்திருக்கணும். அந்த எண்ணம் இருந்துச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும், நாம இல்ல."

"எனக்கு எதுக்கு சார் உடைஞ்ச கிண்ணம்?"

"அதேதான். ஆனா கோர்ட்ல நான் சொல்லாம நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

கடைக்காரர்கள் இடையில் ஒரு சமாதானம் பேசினார்கள். தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சின்ன அபராதத்தோடு போய்விடுமாம். தொந்தரவு விட்டது என்று நான் தலையாட்டிவிட்டேன். வக்கீல் என்னை முறைத்தார். "ஒத்துக்கிட்டா அதுவும் தண்டனைதான் சார். அபராதம் சின்னதா இருந்தா என்ன, வேலை முழுசா போயிடும்." அதற்குப் பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை நாளில் கடையின் கேமராப் படத்தைப் போட்டார்கள். திருடுகிறவர்கள் நாலு பக்கமும் பார்ப்பார்களே, இவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. சாமானை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூன்று முறை திருப்பி, சுண்டி, உதட்டைப் பிதுக்கி, பைக்குள் போட்டாள். எங்கள் வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்து ஏழு சாமான்களையும் மேசையில் பரப்பச் சொன்னார். நீதிபதி அக்கா வயதுப் பெண்மணி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிண்ணத்தில் விரிசல். சீப்பில் ஒரு பல் இல்லை. சாக்ஸில் ஒன்று அப்பனுக்கு, ஒன்று பிள்ளைக்கு. டப்பா மூடவில்லை, பல்பின் தலை சாய்ந்திருந்தது, கரண்டிக்குக் காம்பு ஆடியது. ஏழாவதாகக் கண்ணாடியை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். விளிம்புச் சட்டத்தைத் தடவினார். ஒரு குறையும் இல்லை.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆறை விட்டுடுவோம். இது நல்ல சாமான். இதையாவது திருடினாங்கதானே?"

எங்கள் வக்கீல் ஏதோ முனகினார். ஒன்று போதும், வேலை போக.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்று நீதிபதி கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தார்.

ஏதாவது ஒரு குறையைச் சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். என் வீட்டில் நல்ல தம்ளரில் எல்லாம் குறை கண்டவள்தானே. அக்கா கண்ணாடியை மூன்று முறை திருப்பினாள், சுண்டினாள். அதில் எங்கள் வக்கீலின் முகத்தைப் பார்த்தாள், குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் தன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணாடி நல்லாதான் இருக்குங்க" என்றாள்.

வக்கீல் தலையில் கை வைத்தார்.

"அப்போ எதுக்கு எடுத்தீங்க?"

"அன்னைக்கு இதுல பாத்தப்போ மூஞ்சி தொங்கிப்போய், கண்ணுக்குக் கீழ பை விழுந்து, யாரோ மாதிரி தெரிஞ்சுதுங்க. வீட்ல கண்ணாடி பாக்க எங்க நேரம்? கண்ணாடிலதான் கோணல்னு நெனச்சு எடுத்துட்டேன். இவங்க மூஞ்சியெல்லாம் சரியாத்தான் தெரியுது. பழுது கண்ணாடில இல்லைங்க." கண்ணாடியை நீதிபதியிடம் நீட்டினாள். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நல்ல சாமானைத் தப்பா எடுத்தது இதுதான். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திரும்ப வாங்கி, இந்த முறை சட்டத்தைப் பார்க்காமல் உள்ளே பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் இந்தக் கண்ணாடி மேல சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு குரலை மாற்றிக்கொண்டு, திருடும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று அக்காவை விடுதலை செய்தார்.

பஸ் நிறுத்தத்தில் அக்காவோடு நின்றேன். வேலை தப்பிய சந்தோஷம் முகத்தில் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவள்மேல் எனக்கு இவ்வளவு பாசம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, உன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தானே இருக்கு" என்றேன். பொய் இல்லை, எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

"செக்கர் நீயா, நானா?" என்றாள் அக்கா.