டேர்போ காருக்குக் கௌரிசங்கர் சொன்ன விலை

சிட்னியின் மேற்குப் புறத்தில் பழைய கார் வாங்கவோ விற்கவோ போகும் தமிழர் எவரும் கௌரிசங்கரை ஒரு வார்த்தை கேட்காமல் காரியத்தில் இறங்குவதில்லை. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கார் யார்ட்டில் அவருக்கு வேலை. சனம் விற்கக் கொண்டுவரும் கார்களைப் பார்த்து, என்ன விலைக்கு எடுக்கலாம் என்று சொல்வதுதான் தொழில். யார்ட் முதலாளி ஒரு லெபனான்காரர். பெற்ற தகப்பனையே நம்பாத மனுசன், கௌரிசங்கர் சொன்ன விலையை மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்.

அகதிகளை அடைத்து வைக்கும் வில்லவூட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த புதிதில் அதே யார்ட்டில் கார் கழுவத் தொடங்கியவர் கௌரிசங்கர். கழுவிக் கழுவியே கார்களைப் படித்தார். எந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ற் அடித்திருக்கிறார்கள், எந்த சீட்டுக்கு அடியில் வெள்ளம் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரியும். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். வென்ற்வேர்த்வில்லில் சொந்த வீடு. மனைவி கமலினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒரே மகன் படித்து முடித்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவியும் உண்டு.

காரைப் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவுடன் பொனெற்றைத் திறக்கமாட்டார். காரை நிழலில் நிறுத்தி ஆறவிடுவார். சூடான எஞ்சின் நல்ல பிள்ளையாக நடிக்கும், ஆறின பிறகு ஸ்ரார்ட் பண்ணினால்தான் வருத்தம் வெளியே வரும் என்பது அவருடைய கணக்கு. கார் ஆறும் வரைக்கும் விற்க வந்தவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார். அந்த நேரத்தில்தான் சனம் வாய் திறக்கும். வேலை போனது, சூதாடித் தோற்றது, புருசன் பெண்சாதி பிரிவது என்று எல்லாம் அந்தத் தேத்தண்ணியோடு வந்து விழும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா கௌரிசங்கர்? கார் விலையைச் சொல்லி முடித்ததும் குடும்பத்துக்குள் இறங்கிவிடுவார். “கதைச்சு முடிப்பம்” என்பது அவருடைய வாயில் எந்நேரமும் இருக்கும் வார்த்தை. கனடாவில் அவருடைய சொந்தத் தங்கச்சி புருசனை விட்டு வந்தபோது, போனில் அழுது கெஞ்சித் திருப்பி அனுப்பிவைத்தவர் அவர்தான். இப்போது அவர்கள் சந்தோசமாக இருக்கிறார்கள். அனுப்புகிற படங்களில் அப்படித்தான் தெரிகிறது. கௌரிசங்கர் கெட்ட மனுசன் இல்லை. அதுதான் இதில் பெரிய கரைச்சல். கெட்டவன் என்றால் லக்சிகா தன் காரை விற்க அவரிடம் போயே இருக்கமாட்டாள்.

அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வேலை உடுப்போடேயே வந்து இறங்கினாள். ஓட்டி வந்தது கறுப்பு நிற ஜெர்மன் கார், டேர்போ எஞ்சின், அளவான உடம்பு, உள்ளே முழுக்கத் தோல் சீட்டு. கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் அந்தக் காரைத் தெரியும். அவளுடைய புருசன் துஷாந்த் அதை வாங்கிய அன்று நாலு ரயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஐயரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். ஆனால் கார் பதிவாகியிருந்தது லக்சிகாவின் பெயரில். அவளுடைய சம்பளத்தைக் காட்டித்தான் லோன் எடுத்தார்கள், கட்டி முடித்ததும் அவள்தான். காரைப் பூட்டித் திறக்கிற திறப்பு மட்டும் அவனுடைய பொக்கற்றில்.

“அவர் வேலை அலுவலா மெல்பேண் போயிட்டார் அண்ணை. வெள்ளிக்கிழமைதான் வருவார். ஸ்பெயர் திறப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தனான்,” என்றாள். “இண்டைக்கே எடுப்பியளோ?”

“என்ன அவசரம் தங்கச்சி? முதல்ல ஆறட்டும். இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ.”

தேத்தண்ணியை அவள் தொடவில்லை. கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“நானும் மகளும் வேற வீட்டுக்குப் போறம். துங்காபியில ஒரு யூனிட் பாத்து வைச்சிருக்கிறன். வீட்டுக்கு முற்பணம், பொண்ட் கட்டோணும், கொஞ்ச மாசத்து வாடகை கையில இருக்கோணும். என்ர சம்பளம் போற எக்கவுண்ட் அவற்ற கையில. இந்தக் காரை விட்டா எனக்கெண்டு ஒண்டுமில்லை.”

“துஷாந்த் தம்பி நல்ல பெடியன் எல்லே?”

அவள் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டாள். முழங்கைக்கு மேலே நாலு விரலும் பதிந்து கறுத்துப்போய்க் கிடந்தது.

“வெளியில நல்லவர்தான் அண்ணை. அவர் வாறதுக்கு முதல் நாங்கள் போயிடோணும். அவருக்குத் தெரிஞ்சா நான் முடிஞ்சன்.”

“சேச்சே, நான் ஏன் சொல்லப்போறன்?” என்றார் கௌரிசங்கர். சொல்லும்போது பொய்யாகச் சொல்லவில்லை.

கார் ஆறியதும் பார்த்தார். ஸ்ரார்ட் பண்ணியவுடன் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. பின்னால் நீலப் புகை. டேர்போ ஒயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஒயிலை இழுத்துப் பார்த்தார், தார் மாதிரி இருந்தது. கதவுப் பைக்குள் கசங்கிய பெற்றோல் பில்கள் கிடந்தன. திறமான பெற்றோல் கேட்கிற எஞ்சினுக்கு, இருப்பதிலேயே மலிவானதை ஊற்றியிருக்கிறான். நாலு பேர் பார்க்கிற வெளிப்பக்கத்துக்கு மட்டும் மெழுகு போட்டு முகம் பார்க்கிற மாதிரி மினுக்கி வைத்திருந்தான். இந்தச் சாதிக் கார்களில் சனம் முன்னால் இருக்கிற சின்னத்துக்குத்தான் காசு கொடுக்கும். அதை ஒரு பக்கம் வைத்து, டேர்போவுக்கு ஆகப்போகிற செலவை மற்றப் பக்கம் வைத்து மனதுக்குள் கழித்து, ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

லக்சிகா கண்ணை மூடித் திறந்தாள். “போதும் அண்ணை. எனக்கு அது காணும்.”

பத்திரம், லைசன்ஸ் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தாள். அப்போதே முடித்திருக்கலாம். அவளைக் காசோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் கௌரிசங்கரின் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? கை நீட்டினது பிழைதான், அதற்காக ஒரு குடும்பம் பிரிகிறதா? ஏழு வயதுப் பிள்ளை தகப்பன் இல்லாமல் வளர்வதா? கார் விற்றுப்போனால் பிறகு ஒட்டவே முடியாது. எந்த வீட்டில் இல்லை என்று கேட்டுக் கேட்டே எங்கள் ஆட்கள் எத்தனை வீட்டைச் சுடுகாடாக்கியிருக்கிறார்கள்! அவருக்கு அது தெரியாது. ஒரு இரவு அவகாசம் கிடைத்தால் கதைச்சு முடிக்கலாம் என்றுதான் அவருக்குத் தெரிந்தது.

“முதலாளி இப்ப இல்லை தங்கச்சி. நாளைக்குக் காலமை வாங்கோ, கையோட முடிச்சுத் தாறன்.”

முதலாளி உள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேசையில் வைத்த திறப்பை லக்சிகா மனமில்லாமல்தான் திரும்ப எடுத்தாள். “காலமை கட்டாயம் செய்வியள்தானே?” என்று வாசல் வரை போயும் திரும்பிக் கேட்டாள். ஓம் ஓம் என்று தலையாட்டி அனுப்பிவைத்தார்.

பின்னேரம் வீட்டில் கமலினி குசினியில் நின்றாள். அவளிடம் சொன்னார்.

“பேசாமல் இருங்கோ,” என்றாள் கமலினி. “அந்தப் பிள்ளை காரை விக்க வந்தவ. வாங்கினா வாங்குங்கோ, இல்லாட்டி விடுங்கோ.”

“ஒரு குடும்பம் பிரியிறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?”

“கையில பதிஞ்ச கறுப்பு அடையாளத்தைப் பாத்திட்டும் இப்பிடிக் கதைக்கிறியளே!”

“உனக்கு விளங்காது,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்று துஷாந்துக்குப் போன் எடுத்தார்.

துஷாந்த் மெல்பேணில், பொயிண்ட் குக்கில் இருக்கிற தமையன் வீட்டில் நின்றான். பதறவில்லை, கோபப்படவில்லை. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டான். கௌரிசங்கர் சந்தோசப்பட்டுப்போனார்.

“தம்பி, நான் சொன்னதெண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. ஆம்பிளை நீங்கள்தான் இறங்கிப் போகோணும். பிள்ளைக்கு முன்னால ஒண்டும் வேண்டாம். எங்கயாவது வெளியில கூட்டிக்கொண்டு போய் ஆறுதலா இருந்து கதையுங்கோ.”

“நல்ல நேரத்தில சொன்னியள் அண்ணை,” என்றான் துஷாந்த். “இந்த உதவியை மறக்கமாட்டன்.”

அன்றைக்கு கௌரிசங்கர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை லக்சிகா வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. சமாதானமாகிவிட்டார்கள், இனி எதற்கு வரப்போகிறாள் என்று நினைத்தார். எழுதி வைத்த பேப்பர்களைக் கிழித்துப் போட்டார். முதலாளியிடம் கூட, ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்ததாகப் பெருமையடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அந்தக் கறுப்புக் கார் யார்ட்டுக்குள் வந்தது. ஓட்டி வந்தவன் துஷாந்த். இஸ்திரி போட்ட சேர்ட், முகம் நிறையச் சிரிப்பு.

“அண்ணை, எனக்கும் இந்தக் கார் வெறுத்துப்போச்சு. நீங்கள் சொன்ன விலைக்கே எடுங்கோ. அவ கையெழுத்து வைப்பா. கண்ணாடிக்கு மட்டும் கொஞ்சம் கழிக்க வேண்டி வரும். எவ்வளவு கழிப்பியள்?”

முன் கண்ணாடியில், பக்கத்து சீட்டுக்கு நேரே, ஒரு பெரிய வெடிப்பு.

“கல்லு அண்ணை. எம் ஃபோர் ஹைவேயில லொறி ஒண்டு தெறிக்க விட்டது.”

கௌரிசங்கர் காருக்கு முன்னால் போய் நின்றார். கல் பட்டால் வெளியே ஒரு சின்னக் குழி விழும். குழி இல்லை. வெடிப்பின் நடுப்பகுதி வெளிப்பக்கமாகத் தள்ளி நின்றது. கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி இருந்தார். கண்ணாடி உடைந்திருந்தது அவருடைய நெற்றிக்கு நேரே. உடைவின் விளிம்பில் நீளமான தலைமயிர்கள் இரண்டு மூன்று அகப்பட்டிருந்தன.

“லக்சிகா எங்க?”

“வெஸ்ட்மீட்ல.”

“வேலையிலயோ?”

துஷாந்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். “இல்லை. படியால விழுந்திட்டா.” பிறகு சிரிப்புக் குறையாமலே சொன்னான்: “செவ்வாய் இரவே பிளைற் எடுத்து வந்திட்டன் அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான். பிள்ளையை வீட்டில விட்டிட்டுக் காரில கூட்டிக்கொண்டு போய்த்தான் கதைச்சனான்.”

கௌரிசங்கர் காரிலிருந்து இறங்கினார். “திறப்பைத் தாங்கோ,” என்றார். “ஆறவிட்டுத்தான் பாக்கோணும். விலை நாளைக்குச் சொல்லுறன்.” துஷாந்த் கொடுத்துவிட்டு ஊபரில் போனான். அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தன்னுடைய ஆள் என்றுதான் அவரை நினைத்திருந்தான்.

அவன் போனதும் கௌரிசங்கர் கழிப்பறைக்குள் போய் வாந்தி எடுத்தார். பிறகு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டிவிட்டுப் பொலிசுக்குப் போன் எடுத்துக் கொடுத்தார். பொலிஸ்காரி ஒருத்தி வந்து கண்ணாடியைப் படம் எடுத்தாள், மயிரை ஒரு பைக்குள் போட்டாள், கௌரிசங்கர் சொன்னதை எழுதி எடுத்தாள். உடைத்தது ஏன் கல் இல்லை என்று ஒன்றுக்கு மூன்று தரம் விளக்கினார். செவ்வாய்க்கிழமை யார் துஷாந்துக்குச் சொன்னது என்று அவள் கேட்டபோது, “நான்தான்” என்றார். அவள் எழுதுவதை நிறுத்தி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அன்று பின்னேரமே துஷாந்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது தெரிந்தவுடன் கௌரிசங்கர் கமலினியையும் கூட்டிக்கொண்டு வெஸ்ட்மீட்டுக்கு ஓடினார். லிஃப்டில் போகும்போது அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. தான் சொன்னதை விடக் கூட விலை கொடுத்துக் காரை எடுக்க முதலாளியைச் சம்மதிக்க வைத்திருந்தார். துங்காபி யூனிட்டுக்குத் தானே போய்க் கதைப்பது, பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றாகக் கமலினியிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

லக்சிகாவின் நெற்றியிலிருந்து காது வரை தையல். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. அந்தக் கண்ணில் பார்வை எப்படி இருக்கும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று, அவளோடு வேலை செய்கிற நேர்ஸ் பிள்ளை வாசலிலேயே சொல்லிவிட்டாள். மகள் அந்த நேர்ஸின் வீட்டில் இருந்தாள்.

கௌரிசங்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“தங்கச்சி, கார் எங்கட யார்ட்டிலதான் நிக்குது. அவனைப் பிடிச்சிட்டாங்கள். நான்தான் சொல்லிப் பிடிக்க வைச்சனான். கோட்டுக்கும் நானே வந்து சொல்லுவன். காசு நாளைக்கே உங்கட கைக்கு வரும், நான் சொன்னதை விடக் கூடத்தான் வரும். துங்காபி வீட்டையும் நான் கதைச்சுப் பாக்கிறன். நான் ஒரு நல்லதுக்குத்தான் பிள்ளை அண்டைக்கு...”

லக்சிகா கையைக் கொஞ்சம் தூக்கி அவரை நிறுத்தினாள். வாய் வீங்கியிருந்தபடியால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

“அண்ணை, நான் உங்களிட்டக் காருக்கு விலை மட்டும்தான் கேட்டனான்.”