புள்ளி இல்லாத சூப்

சட்டையைப் பார்த்தே நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள், பாதியில் ஏன் எழுந்தீர்கள் என்பது வரை சொல்லிவிடுவார் அந்தச் சலவை நிலையத்தில் கறை எடுக்கிறவர். மார்பில் சிதறியிருந்தால் பசி. மடியில் கொட்டியிருந்தால் கையில் போன். முதுகில் இருந்தால் மனைவி. மூன்றாவதை மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார். தொழில் தர்மம்.

ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு மேசை, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, குட்டிக் குட்டிப் பாட்டில்கள், பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு பிரஷ். வெள்ளைத் துணியில் கடுகளவு புள்ளி இருந்தால் ஜனங்கள் துணியைப் பார்க்க மாட்டார்கள், புள்ளியைத்தான் பார்ப்பார்கள். அந்த ஜனங்களுக்காக நாள் முழுக்கப் புள்ளி தேடித் தேடி, அவருடைய கண் அப்படியே நிலைத்துவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் அந்தக் கண்ணையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். சுவரில் புள்ளி, தட்டில் புள்ளி, மைத்துனன் மூக்கில் புள்ளி. எதுவானாலும் நைஸாக இருக்க வேண்டும். அதனால் சலவை நிலையத்தில் அவர் பெயர் நைஸ் அண்ணன்.

தக்காளியின் தோலும் விதையும் நைஸ் அண்ணன் கணக்கில் சாப்பாட்டில் விழுந்த கறை. அவர் மனைவி கட்டிக் கொடுக்கும் தக்காளி சூப் சிவப்புப் பட்டு மாதிரி வழவழவென்று இருக்கும். மதியம் துணி மடிக்கிற மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து, குடிப்பதற்கு முன் ஒரு சுற்று காட்டுவார்.

"பாருங்க. ஒரு புள்ளி இருக்கா? மேல கத்தியால கூட்டல் குறி மாதிரி கீறணும். கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து, உடனே பச்சத் தண்ணில போடணும். தோலு தானா கழண்டு வரும். அப்புறம் குறுக்க வெட்டி விரலை விட்டு விதைய எடுத்துடணும். அதுதான் சமையல். மத்ததெல்லாம் அவிச்சல்."

"விதையோட பொறந்தது, விதையோட போயிட்டுப் போகுது. நீங்க ஏண்ணே அதுக்கு ஆபரேஷன் பண்றீங்க?" என்பார் வேன் டிரைவர்.

கேட்கிறவர்களுக்கு இந்த மனிதர் தினமும் விடியற்காலையில் எழுந்து தக்காளி உரிக்கிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் அடுப்படிக்குப் போவது தண்ணீர் குடிக்க. அப்படி ஒருநாள் போனபோது மனைவி தக்காளியைக் கீறி வெந்நீரில் போட்டு உரித்து, உள்ளே விரலை விட்டு விதை எடுப்பது வரை நிலைப்படியில் சாய்ந்து பார்த்திருக்கிறார். அதற்குள் போன் வந்துவிட்டது. மீதியைப் பார்க்கவில்லை. பார்த்த பாதியைக் கொண்டே ஒரு வாத்தியார் வேலை பார்த்துவிட்டார்.

நீராவி இஸ்திரி மெஷினில் நிற்பவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். நைஸ் அண்ணனைவிட மூத்தவர். முழங்கை வரை சூடுபட்ட தழும்பு, எப்போதும் ஈரமான நெற்றி. அவரும் தக்காளி சூப்தான் கொண்டுவருவார். தக்காளியை நாலாக வெட்டி வெங்காயத்தோடு போட்டு, வெந்ததும் மத்தால் ரெண்டு தட்டு. அவ்வளவுதான். "தோல் உரிக்க எனக்கு எங்க தம்பி நேரம்? தக்காளிக்கும் அவசரம், எனக்கும் அவசரம்" என்பார்.

ஒரு மழை நாள். புதிதாக நாலைந்து பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அக்கா பெரிய டப்பா நிறைய சூப் கொண்டுவந்து, எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றினார். முதல் டம்ளர் நைஸ் அண்ணனுக்கு. அவர் அதை வாங்கி, வாடிக்கையாளர் சட்டையைத் தூக்கிப் பார்ப்பது போல விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தோல்கள் சுருண்டு மிதந்தன.

"அக்கா, இது சூப்பா, துணி ஊறவச்ச தண்ணியா? நூல் நூலா மிதக்குது!"

சலவைக்காரர்களால் சிரிக்காமல் இருக்க முடியாத நகைச்சுவை அது. மேசையே குலுங்கியது. புதுப் பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நைஸ் அண்ணன் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் தன் டப்பாவைத் திறந்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அந்த டம்ளரை எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாளிலிருந்து அக்காவின் சாப்பாடு மெஷின் பக்கத்தில், ஒரு கவிழ்த்த கூடையின் மேல்.

"சூடு ஆறிட்டா திரும்ப ஏற நேரமாகும் தம்பி, அதான்" என்றார். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை அணைத்துவிடுவது அங்கே எல்லோருக்கும் தெரியும். நைஸ் அண்ணனுக்கும் தெரியும். முதல் வாரம் தெரியாத மாதிரி இருந்தார். அடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார். அக்கா நன்றி சொல்லி அதில் துணியை அடுக்கினார். ஒருநாள் அக்கா பையில் இருந்த பழைய மைக்கறையைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். "கறை போயிடுச்சே, பரவாயில்லையே" என்றார் அக்கா. மன்னிச்சுடுங்க என்ற வார்த்தை மட்டும் தக்காளித் தோல் மாதிரி நைஸ் அண்ணனின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

இப்படியே மாதங்கள் ஓடின. பிறகு ஒரு செய்தி வந்தது. இஸ்திரி அக்கா வேலையை விட்டுவிட்டு மகள் ஊருக்கே போகிறார். கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதென்று முடிவானது. யார் என்ன கொண்டுவருவது என்று பேச்சு வந்தபோது நைஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சூப் நான் வைக்கிறேன். எல்லாருக்கும்."

"அண்ணி வைக்கிறாங்கன்னு சொல்லுங்க" என்றார் டிரைவர்.

"நான்தான். என் கையால."

வாயால் சொல்ல முடியாததைக் கரண்டியால் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு. அக்கா போய்விட்டால் அந்த மழை நாள் அப்படியே நின்றுவிடும். அவரைப் பற்றி அக்கா கொண்டுபோவது அந்த ஒரு வாக்கியமாகத்தான் இருக்கும். அது அவருக்குப் பயமாக இருந்தது.

மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "எப்படி வைக்கணும்னு சொல்லட்டுமாங்க?" என்று கேட்டார்.

"தினம் குடிக்கிறவனுக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

"சரி சாமி. பாத்திரத்தை மட்டும் தீய்ச்சுடாதீங்க."

ஒரு பெட்டி நிறையத் தக்காளி வாங்கினார். கடைசி நாள் காலை வெளிச்சம் வந்ததும் வேலையைத் தொடங்கினார். கூட்டல் குறி போட்டார். வெந்நீர், பச்சைத் தண்ணீர். தோல் கழன்று வந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கறை கழன்று வரும்போது வருகிற அதே சுகம். குறுக்கே வெட்டி, கட்டை விரலை விட்டு, அறை அறையாகத் துப்புரவு செய்தார். ஒவ்வொரு துண்டையும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சோதித்தார். விரல் வெந்து சுருங்கியது. தோலும் விதையும் அதைச் சுற்றியிருந்த வழவழப்பும் ஒரு பக்கெட் நிறைந்தன. தெருவில் குப்பை வண்டி மணியடித்ததும் ஓடிப்போய், ஏதோ பகைவனை ஒப்படைப்பது போல அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சதை இருந்தது. ஒரு பெட்டித் தக்காளி இவ்வளவுதானா என்று மறுபடி எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார். நிறம் வெளுத்தது, சாயம் போகிற சிவப்புச் சட்டையோடு துவைத்த பனியன் நிறம். இன்னும் தண்ணீர். ஓடுகிற மாதிரி இருந்ததால் சோள மாவைக் கரைத்து ஊற்றினார். இறுகியது. உப்பு, மிளகு. ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. சூட்டில் நாக்குக்குத் தெரியவில்லை, ஆறினால் ருசி வரும் என்று முடிவு செய்து மூடி வைத்தார்.

மதியம் துணி மடிக்கிற மேசையில் வெள்ளை விரிப்புப் போட்டார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இஸ்திரி அக்கா அந்த மேசையில் உட்கார்ந்தார். நைஸ் அண்ணன் முதல் கிண்ணத்தை அவருக்கு ஊற்றினார். பிறகு மற்றவர்களுக்கு.

எல்லோரும் குடித்தார்கள்.

"அண்ணே, சொன்ன மாதிரியே ஒரு புள்ளி இல்ல" என்றார் டிரைவர்.

நைஸ் அண்ணன் முகம் மலர்ந்தது.

"ருசியிலயும்தான்" என்று முடித்தார் டிரைவர்.

"காலருக்குக் கஞ்சியாப் போட்டா நல்லா நிக்கும்ணே" என்றது ஒரு குரல். "வீணாக்க வேணாம், சாயங்காலம் நாலு பெட்ஷீட்டுக்கு ஆகும்" என்றது இன்னொன்று. சிரிப்பு கிளம்பியது. நைஸ் அண்ணன் தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது. ருசி வந்திருக்கவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டே கேட்டார்: "விதையெல்லாம் என்ன தம்பி பண்ணுனீங்க?"

"குப்பை வண்டில போட்டுட்டேன்கா."

"ஓ" என்றார் அக்கா.

நைஸ் அண்ணன் எழுந்து துணி உலர்த்தும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ருசியே இல்லாம சப்புன்னு இருக்குடி. நீ வைக்கிற மாதிரிதான் வச்சேன்."

"தோலு, விதையெல்லாம்?"

"போட்டாச்சு."

"எங்க போட்டீங்க?"

"எங்க போடுவாங்க? குப்பையில."

அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை அழுதது. "அய்யோ! அதைத் தனியாக் கொதிக்க வச்சு, நல்லா பிசைஞ்சு, வடிகட்டி, அந்தச் சாறைத் திரும்ப ஊத்துவேங்க. விதையைச் சுத்தி வழவழன்னு இருக்குல்ல, அதுலதான் ருசியே. நீங்க பார்த்ததே இல்லையா?"

"நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே. உங்களுக்குக் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதானே. இப்ப ரொம்ப நாளா அதுகூடச் செய்யறதில்லைங்க. கை வலிக்குது. முழுசா வேகவச்சு, அரைச்சு, சல்லடையில வடிகட்டிடறேன். நீங்களும் நல்லாருக்குன்னுதான் குடிச்சீங்க."

போன் வைக்கப்பட்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார். உலர்த்தும் மெஷினின் கண்ணாடிக்குள் யாருடைய சட்டைகளோ சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் டப்பாவைத் திறந்து ஊருக்கெல்லாம் காட்டியது இஸ்திரி அக்காவின் சூப். நடுவில் ஒரு சல்லடை, அவ்வளவுதான் வித்தியாசம். காது மடல் சுட்டது. அந்த அறையின் சூடு காரணம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசைதான்.

திரும்பி வந்து மேசை அருகே நின்றார்.

"அக்கா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்னிக்குத் தம்பி? என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு நன்றாகவே தெரியும். நைஸ் அண்ணன் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"மெஷின் பக்கத்துலயே நின்னு காது மந்தமாயிடுச்சு. கொஞ்சம் சத்தமா."

"இது சூப்பா... துணி ஊறவச்ச தண்ணியான்னு கேட்டேன்கா. நூல் நூலா மிதக்குதுன்னேன்."

அன்றைக்கு மேசையைக் குலுக்கிய அதே வாக்கியம். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. டிரைவர் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்.

"எங்க வீட்டு சூப்பும் உங்க சூப்பும் ஒண்ணுதான்கா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உங்க சூப் நல்லா..."

"என் சூப் நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "நீங்க கேலி பண்ணீங்க, நானும்தான் சிரிச்சேன். ஆனா ஊத்திக் குடுத்ததை வாயில வைக்காம கீழ வச்சீங்க பாருங்க. அதைத்தான் தம்பி நான் கொண்டுபோய்க் கழுவுனேன்."

அக்கா தன் கிண்ணத்தைத் துடைத்தது போலக் காலி செய்திருந்தார். அதை அவர் பக்கம் நீட்டினார்.

"ஊத்துங்க."

"வேணாம்கா. இது வாயில வைக்கிற மாதிரி இல்ல."

"அது நான் பார்த்துக்கறேன். ஊத்துங்க."

நைஸ் அண்ணன் கரண்டியை எடுத்து அரைக் கிண்ணம் ஊற்றிவிட்டு நிறுத்தினார். அக்கா கிண்ணத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

"நிறைய ஊத்துங்க தம்பி" என்றார்.