பட்டக்கா வைத்த கானாங்கோழிச் சாறு

பட்டக்கா, நீங்கள் இல்லை என்பதை உங்கள் வீட்டுக்காரரே பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். "மகேசு போட்டா, பிள்ளை. உமக்கு நான்தான் வந்து சொல்லோணும் எண்டு நினைச்சன்" என்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் அந்தக் கடைவீட்டில் எங்களோடு குடியிருந்தவர்களுக்குப் பட்டக்காவை மகேஸ்வரி அம்மா என்றால்தான் தெரியும். குடிவந்த அன்றைக்கு மூங்கில் கழியில் ஒரு பட்டுச்சேலை காய்ந்தது. பெயர் தெரியாமல், "பட்டு கட்டுற அக்கா, குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அதிலிருந்து எனக்கு அவர் பட்டக்கா.

கீழே எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. ஆளுக்கு ஒரு கரியடுப்பு வைக்க இடம், அவ்வளவுதான். அவர் அடுப்பும் என் அடுப்பும் பக்கத்துப் பக்கம். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டையைக்கூடத் தொடமாட்டார். நான் எல்லாம் தின்கிற வீட்டில் பிறந்தவள். நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தி வைத்திருந்தார். என் மீன்குழம்பு தெறித்தால் தகரத்தைத் துடைப்பாரே தவிர, என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

என் அண்ணனுக்குச் சுவா சூ காங் பக்கம் தோட்டத்தில் வேலை. சதுப்பில் கண்ணி வைத்துக் கானாங்கோழி பிடிப்பான். வெள்ளை நெஞ்சோடு நாணல் ஓரம் ஓடுமே, மலாய்க்காரர்கள் ருவாக் ருவாக் என்பார்களே, அதுதான். நாட்டுக்கோழி மாதிரி சட்டென்று வேகாது. என்னிடம் இருந்தது ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு அரிவாள்மணை. வெந்ததா வெந்ததா என்று மூடியைத் தூக்கிக்கொண்டே இருப்பேன். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"மூடியைச் சும்மா சும்மா திறக்காதையும். பச்சை மணம் இன்னும் போகேல்லை."

"திங்காத உங்களுக்கு அது எப்படிக்கா தெரியும்?"

"தின்னாட்டில் மூக்கும் இல்லையோ?"

அடுப்படியே சிரிக்கும். ஆனால் அவர் சொன்னபோது இறக்கினால்தான் கறி பதமாக இருக்கும்.

பிறகு என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வந்தார், ஆனால் வாய் எதையும் ஏற்கவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பினார். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். இப்படியே போனால் தாங்கமாட்டார், ஏதாவது கறிச்சாறு உள்ளே போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானோ இவர் பிழைக்கவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து, தீமிதிக்கு விழுந்து விழுந்து எழுந்து கோயிலைச் சுற்றும் கும்பிடுதண்டம் போடக் கையில் காப்புக் கட்டியிருந்தேன். என் சட்டி, கரண்டி எல்லாம் விரதத்துக்குக் கழுவிக் கவிழ்த்தவை. கவிச்சியைத் தொட்டால் வேண்டுதல் கெடும். தொடாவிட்டால் இவர் கதி என்ன?

அந்த நேரம் பார்த்து அண்ணன் கானாங்கோழியோடு வந்து நின்றான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பட்டக்கா வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"விரதம் உம்முடையது. பசி மேலை கிடக்கிற தம்பியின்ரை. ரெண்டையும் ஏன் ஒண்டாக் கட்டுறீர்? நீர் அந்தப் படியிலையே இருந்து சொல்லும். நான் செய்யிறன்."

"உங்க சட்டியிலயாக்கா? ஐயாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். முதல்லை இந்த இறகை என்ன செய்யிறது எண்டு சொல்லும்."

அண்ணன் கழுத்தை அறுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மற்றதெல்லாம் பட்டக்காதான். வெந்நீர் ஊற்றினால் தோல் கிழியும், அப்படியே பிடுங்குங்கள் என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிடுங்கினார்.

"பாத்துப் பிடுங்குங்கக்கா, கோழி இந்தப் பக்கம் இருக்கு!"

"கை பாக்குது, போதும்!"

மஞ்சள் தடவித் தணலில் வாட்டினார். இரைப்பையைக் கீறி, உள்தோலைப் பலாக்கொட்டை உரிக்கிற மாதிரி உரித்தார். பழகிய கையால்கூட அவ்வளவு சுத்தமாக உரிக்க வராது. சேற்று வாடை போக இஞ்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். எலும்பை நசுக்கவேண்டும். அம்மியை அவர் எடுக்கவில்லை. அதில் அரைக்கிறது சாமிக்கு என்றார். துணியில் முடிந்து விறகுக்கட்டையால் தட்டினார். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு. பாதியில் திரும்பி, "புளி எப்ப விடுறது?" என்று கேட்டார். அழுத கண்ணோடு நான் சிரித்துவிட்டேன். புளி இல்லாத குழம்பு அவர் கைக்குத் தெரியாது.

கரியைச் சாம்பலால் மூடி, சட்டிமேல் மூடிக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றிய தட்டை வைத்தார். ஆவி வெளியே போகவில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. மேலே இவருக்கு வெற்றிலை பாக்குக்குக்கூட எச்சில் ஊறாத வாய். இதையும் துப்பிவிட்டால் வேறு வழி இல்லை. இவர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பட்டக்கா சாற்றை வடித்துக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டார்.

அவரே மாடிக்குக் கொண்டுபோனார், அவரே ஊட்டினார். முதல் மடக்கை இவர் வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கினார். "உப்பு உறைப்பு எல்லாம் அளவா இருக்கு" என்றார். காய்ச்சல் வந்ததிலிருந்து சாப்பாட்டைப் பற்றி இவர் பேசிய முதல் பேச்சு. கிண்ணம் காலியாயிற்று.

பட்டக்கா குழாயடியில் தலைமுழுகிவிட்டு விளக்கேற்றினார். சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து என்ன வாடை என்று கேட்டபோது ஒளிக்கவில்லை. "நான்தான் சமைச்சனான், மேல் வீட்டுத் தம்பிக்கு" என்றார். அந்த மனுஷர் செருப்பைக் கழற்றாமல் கடைவாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் போய் உட்கார்ந்துகொண்டார். பட்டக்கா போய்க் கெஞ்சவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். இருட்டினபிறகு ஐயா தானாக உள்ளே வந்து கைகழுவினார்.

மறுநாள் அந்தச் சட்டியைத் தகரத்துக்கு இந்தப் பக்கம் தள்ளிவைத்தார். "இனி இது உம்மடை" என்றார். அந்தக் கடைவீட்டை விட்டு இந்த அடுக்குமாடி வீட்டுக்கு மாறி வந்தபோது மற்றதையெல்லாம் போட்டுவிட்டு அதை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இவர் இன்றைக்கும் நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார். பட்டக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சட்டி மட்டும் இல்லை. அடுத்தவர் பசிக்குமுன் தன் சுத்தத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், பிறகு குளித்துவிட்டு விளக்கேற்றிக்கொள்ளலாம். அதை அவர் எனக்கு வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை.

எத்தனையோ தரம் கேட்க நினைத்து, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்காமலே விட்டுவிட்டேன். நான் விரதம், அந்தச் சாற்றை வாயில் வைக்கவில்லை. எவ்வளவு உப்பு என்றும் நான் சொல்லவில்லை. பட்டக்கா, நான் மாடிக்கு ஓடின அந்த நேரத்தில், நீங்கள் உப்புப் பார்த்தீர்களா?