நொயேமியின் பெயரில் ஒரு பீப்பாய்

பிரான்சில் எங்கள் ழூரா மலையடிவாரத்தில் பெண் எடுத்த வெளியூர் மாப்பிள்ளை எவனாவது தெரியாத்தனமாகப் பீப்பாயை நிரப்பிவிட்டால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மற்ற ஊர்களில் ஒயின் வற்ற வற்ற ஊற்றி நிரப்புவதுதான் முறை. எங்கள் மஞ்சள் ஒயினுக்கு அதுதான் விஷம். வற்றி இறங்கிய ஒயினின் மேல், காய்ச்சிய பாலில் படிவதுபோல ஓர் ஏடு படியும். ஆறு வருஷத்துக்கு மேல் அதைக் கலைக்காமல் காத்திருந்தால்தான் அந்த அக்ரூட் வாசம் வரும்.

நொயேமிக்குக் காத்திருப்பது புதிதல்ல. அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து, அறுவடை, நிலவறை எல்லாம் அவள் தலையில். தம்பி ரெஜிஸ் விற்பனையைப் பார்த்துக்கொண்டான். புட்டிகளில் அவன் பெயர்தான் இருந்தது. பாடுபட்டவள் ஒருத்தி, பேர் வாங்கியவன் ஒருத்தன். அவள் அதற்காகச் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு பீப்பாய் மஞ்சள் ஒயின் மட்டும் தன் பெயரில் வர வேண்டும் என்று கேட்டாள். ரெஜிஸ் அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுச் சம்மதித்தான்.

ஐந்தாம் வருஷக் குளிர்காலத்தில், கவாத்து செய்யும்போது சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். டோல் நகரத்தில் தோழி வீட்டில் தங்கிக் கட்டுப்போட்டுக் கிடந்தவளைப் பார்க்க, வாரம் தவறாமல் ரெஜிஸ் பாலாடைக்கட்டியோடு வந்தான். அவள் கேட்பதற்கு முன்பே பீப்பாயைப் பற்றிச் சொல்லுவான். ஏடு நல்ல கெட்டியாக இருக்கிறதாம், யாரும் கிட்டக்கூடப் போகவில்லையாம். அதைக் கேட்டுத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஊர் திரும்பியதும் ஊன்றுகோலோடு நேரே நிலவறைக்குப் போனாள். பீப்பாயின் மேல்பக்கத்தை விரலால் தட்டினாள். வெற்றிடத்தின் சத்தம் வரவேண்டிய இடத்தில் சத்தம் அடைத்துக்கொண்டு வந்தது. விளிம்புவரை ஒயின். ரெஜிஸைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

ரெஜிஸ் மறைக்கவில்லை. பாரிஸ் வியாபாரி ஒருவர் உடனே குடிக்கிற மாதிரி இளசான வெள்ளை ஒயின் கேட்டாராம். ஏட்டைக் கலைத்து, புது ஒயின் ஊற்றி நிரப்பியாயிற்றாம்.

"வெளியூர்க்காரன் செஞ்சிருந்தா தெரியாம செஞ்சான்னு விட்டிருப்பேன்," என்றாள் நொயேமி. "நீ இந்த நிலவறையிலயே தவழ்ந்தவன்டா. சரி, ஊத்தினது ஊத்தின. வாராவாரம் வந்து ஏடு நல்லா இருக்குன்னு சொன்னியே, அது எதுக்கு?"

"நீ சந்தோஷமா இருந்தா கால் சீக்கிரம் கூடும்னுதான்க்கா."

கூட இருந்தே குழி பறிக்கிறவர்களில் இப்படி அன்பாகப் பறிக்கிறவன்தான் ஆபத்தானவன். அவன் கண்ணில் துளி வெட்கம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வசந்தத்தில் அந்த வெள்ளை ஒயின் புட்டிகளில் வந்தது. ரெஜிஸ் முதல் புட்டியைத் துடைத்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனைப்போல அவள் கையில் கொடுத்தான். 'நொயேமி' என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஊரே அவளுக்குக் கைகொடுத்தது. இவ்வளவு நல்ல தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அவளிடமே கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.