போரிக் பவுடர் விழுங்கிய சத்தம்

நேற்று என் மகன் கேரம் பலகையில் போரிக் பவுடரைத் தூவினான். என்னையும் மீறி "முருகா!" என்று அலறிவிட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

கல்யாணத்துக்கு முன் கொச்சங்காடியில் வர்கீஸ் சேட்டனின் மெழுகுவர்த்திப் பட்டறையில் வேலை பார்த்தேன். உருகிய மெழுகின் வாசனை சட்டையை விட்டுப் போகாது. நான் சன்னதியில் நின்றால், கரண்ட் போய்விட்டதோ என்று பக்கத்திலிருப்பவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள்!

பக்கத்துத் தேவராவிலிருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஆராய்ச்சி மேடம் ஒருவர் வந்தார், பாலக்காட்டுத் தமிழ்க்காரர். சூரியனுக்குள் நடப்பதை ஒரு கலத்துக்குள் நடத்திப் பார்க்கிறார்களாம். அதிலிருந்து பறந்து வரும் நியூட்ரான் என்ற துகள்களை மெழுகு மெதுவாக்குமாம்; நடுவிலுள்ள குழாய் அவற்றை டிக் டிக்கென்று எண்ணுமாம். அதற்குத் துளை வைத்த மெழுகுக் கட்டிகள் வேண்டும்.

"சூரியனுக்கே மெழுகுதிரியோ மேடம்?" என்றார் சேட்டன்.

"ஆமா சேட்டா, அணையாம பாத்துக்கோங்கோ. வேற எதையும் கலந்துடாதேங்கோ."

முதலில் வார்த்த மாதிரிக் கட்டி நன்றாக அமைந்தது. மீதியையும் வார்த்தோம். கட்டிகளுக்கு விபூதி வைக்கப் போன கையை, அவர் சொன்னது நினைவு வந்து இழுத்துக்கொண்டேன்.

மேடத்தின் கருவிக்குச் சோதனையில் இடம் தரலாமா என்று முடிவு செய்ய அதிகாரிகள் வந்த அன்று, புதுக் கட்டிகளோடு நாங்களும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். மேடம் நியூட்ரான் உமிழும் சிறு வில்லையைப் பக்கத்தில் வைத்து, புதுக் கட்டிக்குள் குழாயை நுழைத்தார். டிக்... வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். குழாய் செத்துவிட்டதோ என்று அவர் முகம் வெளுத்தது. அதை மாதிரிக் கட்டிக்கு மாற்றினார். தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி சடசடவென்று சத்தம்!

"புதுசுல என்ன கலந்தேள்?"

சேட்டன் நெஞ்சை நிமிர்த்தினார். "கரப்பான் அரிச்சுப் போகாதிருக்கான் போரிக் பவுடர் போட்டதாக்கும். வர்த்திக்கும் போடுமே! காசு வேண்டா மேடம்."

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதுல இருக்கற போரான் நியூட்ரானை முழுங்கிடும், சேட்டா. வேற என்ன தூசி விழுந்திருந்தாலும் சமாளிச்சிருப்பேன்."

என் கை சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டது. கரப்பானைக் கொல்லும் பொடிக்குச் சூரியனின் துகளையும் விழுங்கும் பசியா! இன்றும் நம்ப முடியவில்லை.

வேறு கட்டிகள் வார்த்து வரும்வரை அதிகாரிகள் காத்திருக்கவில்லை. இடம் வேறு கருவிக்குப் போயிற்று. மேடம் திட்டக்கூட இல்லை. சேட்டன் அதன்பின் எந்த மேடத்திடமும் தமாஷ் பேசியதில்லை.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். மேசைதோறும் மெழுகுவர்த்தி. போன மாதம் அங்கே போனபோது குனிந்து மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை. பேட்டரியில் எரிகிறது, அது அணையாது.